ஆட்கொணர்வு மனு எங்கிருந்து வந்தது? கிங்ஸ் பெஞ்ச் நீதிமன்றத்தின் கதை

2021இல் 'ஜெய் பீம்' படம் வந்த பிறகு 'ஹேபியஸ் கார்பஸ்' என்ற சொல் நம் ஊர்களில் டீக்கடை வரை வந்துவிட்டது. 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் ராசாக்கண்ணு அடித்துக் கொல்லப்பட்டார். குறவர் சமூகத்தைச் சேர்ந்த அவரைத்தான் படம் இருளராகக் காட்டியது. அவர் தப்பியோடிவிட்டதாகப் போலீஸ் கதை கட்டியபோது, அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் போட்டது இந்த மனுதான். வழக்கறிஞர் சந்துரு நடத்தினார். மீதியைப் படத்தில் பார்த்திருப்பீர்கள்.

இந்த மனு எங்கிருந்து வந்தது என்று சட்டக் கல்லூரி மாணவர்களைக் கேட்டால், அரசமைப்புச் சட்டத்தின் 32, 226 ஆகிய உறுப்புகளைச் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த உறுப்புகளில் இருக்கும் ஐந்து பேராணைகளும் லண்டனில் கிங்ஸ் பெஞ்ச் என்ற ஒரு நீதிமன்றத்தில் வளர்ந்தவை. மனிதரைச் சரக்கு என்று தீர்ப்பு எழுதிய நீதிமன்றமும் அதுதான். சங்கிலியோடு கப்பலில் கிடந்த ஒருவரை அவிழ்த்துவிட்ட நீதிமன்றமும் அதுதான். அதே ஆயுதம் சென்னைக்குக் கப்பலேறி வந்த பின்னும் நூற்றைம்பது ஆண்டுகள் நம் சேரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் கையில் இருக்கும் கருவியின் நீளம் தெரியும்.

முதலில் அந்த நீதிமன்றம் என்ன என்று பார்ப்போம். இடைக்கால இங்கிலாந்தில் அரசன் ஊர் ஊராகப் போவான்; நீதிபதிகளும் கூடவே போவார்கள். அரசன் முன்னிலையில் விசாரணை நடப்பதாக ஐதீகம். அதனால்தான் 'அரசனின் இருக்கை' என்று பெயர். சாதாரண மக்களின் கொடுக்கல் வாங்கல் வழக்குகளுக்காக அரசன் பின்னால் அலைய முடியாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா சொன்னது. அவை காமன் பிளீஸ் என்ற தனி நீதிமன்றத்துக்குப் போயின. அரசனுக்கு எதிரான குற்றங்களும், கீழே இருக்கும் நீதிமன்றங்களையும் அதிகாரிகளையும் கண்காணிக்கும் வேலையும் கிங்ஸ் பெஞ்சிடம் நின்றன. பிறகு அதுவும் லண்டனை அடுத்த வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நிலையாக உட்கார்ந்தது. அரசன் போய் அரசி வந்தால் குயின்ஸ் பெஞ்ச் என்று பெயர் மாறும். குரோம்வெல் காலத்தில் அரசனே இல்லாததால் 'மேல் இருக்கை' என்று வைத்துக்கொண்டார்கள்.

அங்கே இருந்தவர்களைப் புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நீதிபதிகளும் குமாஸ்தாக்களும் வழக்குக் கட்டணத்தில் வாழ்ந்தவர்கள். கடன் வழக்குகள் காமன் பிளீஸுக்குப் போவது அவர்களுக்கு வயிற்றெரிச்சல். எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். 'என்னிடம் கடன் வாங்கியவன் மிடில்செக்ஸ் மாவட்டத்தில் என் நிலத்தில் அத்துமீறி நுழைந்தான்' என்று வாதி ஒரு பொய்ப் புகார் கொடுப்பான். அந்தப் புகாரில் பிரதிவாதி கிங்ஸ் பெஞ்ச் காவலில் வந்துவிடுவான். காவலில் இருப்பவன்மீது எந்த வழக்கையும் அங்கேயே போடலாம் என்பது விதி. நிலமும் கிடையாது, அத்துமீறலும் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்த இந்தப் பொய் நூற்றாண்டுக் கணக்கில் ஓடியது. வழக்குகள் குவிந்தன, கல்லாவும் நிறைந்தது.

பேராணைகளும் மக்களுக்காகப் பிறந்தவை அல்ல. 'ஆளைக் கொண்டு வா' என்ற ஆணை, ஆரம்பத்தில் ஒருவரை நீதிமன்றத்துக்கு இழுத்து வருவதற்கான சாதாரண உத்தரவு. அதைத் திருப்பிப் பிடித்துச் சிறை அதிகாரியிடம் 'எந்தச் சட்டப்படி அடைத்து வைத்திருக்கிறாய், சொல்' என்று கேட்க வைத்தது பின்னால் வந்த வழக்காடிகளும் வழக்கறிஞர்களும். 1613இல் தலைமை நீதிபதியான எட்வர்ட் கோக், 1615இல் பிளிமத் நகரத்திலிருந்து ஒரு வழக்கை எடுத்தார். நகராட்சிப் பெருமக்கள் பாக் என்பவரின் நகர உரிமையைப் பறித்திருந்தார்கள். திருப்பிக் கொடு என்று கோக் கட்டளையிட்டார். இன்று ஊராட்சித் தலைவரை நாற்காலியில் உட்கார விடவில்லை என்று நாம் கட்டளையுறுத்தும் பேராணை கேட்கிறோமே, அதற்கு மூதாதை இந்த வழக்கு. அடுத்த ஆண்டே அரசன் கோக்கைப் பதவி நீக்கினான்.

1627இல் அரசனுக்குக் கட்டாயக் கடன் கொடுக்க மறுத்துச் சிறைக்குப் போன ஐந்து நைட்டுகள் இதே நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு கேட்டார்கள். 'அரசனின் சிறப்புக் கட்டளை' என்று சிறை அதிகாரி பதில் சொன்னார். நீதிபதிகள் தலையாட்டிவிட்டுப் பிணை மறுத்தார்கள். 1976இல் நெருக்கடி நிலையின்போது நம் உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளில் நால்வர் செய்ததும் ஏறக்குறைய இதுவே, எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்து எழுதினார். அங்கே நாடாளுமன்றம் சண்டை போட்டது. 1679இல் ஹேபியஸ் கார்பஸ் சட்டம் வந்தது.

இனி நமக்கு வேண்டிய இடத்துக்கு வருவோம்.

ஹேபியஸ் கார்பஸ் சட்டத்துக்கு இரண்டே ஆண்டு முன்பு, 1677இல், 'பட்ஸ் எதிர் பென்னி' என்ற வழக்கு கிங்ஸ் பெஞ்ச் முன் வந்தது. கறுப்பின மக்கள் வணிகர்களிடையே சரக்காக வாங்கி விற்கப்படுகிறார்கள், மேலும் அவர்கள் கிறித்தவர்கள் அல்லர், ஆகவே அவர்கள்மீது சொத்துரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. வழக்கம் இப்படி இருக்கிறது, மதம் இப்படிச் சொல்கிறது, ஆகவே சட்டம் இது. இந்தத் தர்க்கம் நமக்குப் புதிதா என்ன?

சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின் தலைமை நீதிபதி ஹோல்ட் இதை மறுத்தார். இங்கிலாந்துக்குள் வந்தவுடன் கறுப்பர் சுதந்திரர் ஆகிவிடுகிறார் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதே வழக்கில், விற்ற ஆளுக்குப் பணம் கேட்டு வந்தவனுக்கு அவரே வழியும் காட்டினார்: விற்பனை வர்ஜீனியாவில் நடந்தது என்று மனுவில் எழுதியிருக்க வேண்டும், அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது என்றார். 1729இல் தோட்ட முதலாளிகள் அரசின் சட்ட அதிகாரிகள் இருவரிடம் ஒரு கருத்துரை வாங்கிக்கொண்டார்கள்: இங்கிலாந்துக்கு வந்தாலும், ஞானஸ்நானம் பெற்றாலும், அடிமை அடிமையே. அது தீர்ப்பு அல்ல. என்றாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது தீர்ப்பைப் போலவே வேலை செய்தது.

அதை உடைக்கப் புறப்பட்டவர் கிரான்வில் ஷார்ப். அவர் வழக்கறிஞர் அல்ல, அரசு அலுவலக எழுத்தர். 1765இல் எஜமானனால் மண்டை உடைக்கப்பட்டுத் தெருவில் விடப்பட்ட ஜோனதன் ஸ்ட்ராங் என்ற இளைஞரைச் சந்தித்தார். வழக்கறிஞர்கள் அந்த 1729 கருத்துரையைக் காட்டிக் கைவிரித்தபோது, சட்டப் புத்தகங்களைத் தானே வாங்கிப் படித்து 1769இல் ஒரு நூலும் எழுதினார். சட்டம் படித்தவர்கள் மட்டும்தான் சட்டம் பேச வேண்டும் என்று தயங்கும் தோழர்கள் இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜேம்ஸ் சாமர்செட் ஆப்பிரிக்காவில் பிடிக்கப்பட்டு, வர்ஜீனியாவில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவனுக்கு விற்கப்பட்டவர். 1769இல் எஜமானனோடு லண்டன் வந்தார். 1771இல் அவனை விட்டு வெளியேறினார். இரண்டு மாதத்துக்குள் ஆள்பிடிக்கிறவர்கள் அவரைப் பிடித்து, தேம்ஸ் நதியில் ஜமைக்கா செல்லக் காத்திருந்த 'ஆன் அண்ட் மேரி' கப்பலில் சங்கிலி போட்டுக் கிடத்தினார்கள். ஜமைக்கா கரும்புத் தோட்டம் என்றால் சில ஆண்டுகளில் சாவு.

ஞானஸ்நானத்தின்போது அவருக்கு ஞானப் பெற்றோராக நின்ற மூன்று பேர் இருந்தார்கள்: தாமஸ் வாக்கின், எலிசபெத் கேட், ஜான் மார்லோ. டிசம்பர் 3 அன்று அவர்கள் ஆட்கொணர்வு கேட்டார்கள். தலைமை நீதிபதி மேன்ஸ்ஃபீல்டு பேராணை பிறப்பித்தார். கப்பல் தலைவன் நோல்ஸ் சாமர்செட்டைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஆணை போனது போலீஸுக்கு அல்ல, ஒரு தனியாருக்கு. மனு போட்டவர் அடைபட்டவரும் அல்ல, அவருக்காக நின்ற நண்பர்கள். செங்கல் சூளையிலோ கரும்பு வெட்டும் இடத்திலோ கொத்தடிமையாக வைக்கப்பட்டிருப்பவருக்காக இன்று நீங்கள் மனுப் போட முடிவதற்குக் காரணம் இந்த இரண்டும்தான்.

வழக்கு 1772 ஜூன் வரை இழுத்தது. ஸ்டூவர்ட்டின் செலவை மேற்கிந்தியத் தீவுத் தோட்ட முதலாளிகள் ஏற்றார்கள். சாமர்செட் பக்கம் நின்றவர்களில் ஃபிரான்சிஸ் ஹார்கிரேவ் அப்போதுதான் தொழிலுக்கு வந்த இளைஞர். எதிர்த்தரப்பில் வாதாடிய ஜான் டன்னிங், முந்தைய ஆண்டு தாமஸ் லூயிஸ் என்ற கறுப்பினத்தவருக்காக இதே மேன்ஸ்ஃபீல்டு முன்னால் வாதாடியவர்! கட்டணம் கொடுத்தால் கட்சி மாறும் வக்கீல்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

மேன்ஸ்ஃபீல்டு தீர்ப்புச் சொல்லவே விரும்பவில்லை. சாமர்செட்டை நீயே விட்டுவிடு, வழக்கு முடிந்துபோகும் என்று ஸ்டூவர்ட்டுக்கு ஜாடை காட்டினார். நாட்டில் 14,000 முதல் 15,000 அடிமைகள் இருக்கிறார்கள், தலைக்கு 50 பவுண்டு வைத்தாலும் முதலாளிகளுக்கு 7,00,000 பவுண்டுக்கு மேல் நட்டம் என்று நீதிமன்றத்திலேயே கணக்குப் போட்டார். முதலாளிகள் பின்வாங்கவில்லை. ஆகவே ஜூன் 22 அன்று வேறு வழியில்லாமல் சொன்னார்: அடிமை முறை இயற்கைச் சட்டத்தில் நிற்காது, நாட்டின் எழுதிய சட்டம் இருந்தால்தான் நிற்கும், இங்கே அப்படிச் சட்டம் இல்லை, பணியை விட்டுப் போனவரைப் பலவந்தமாக வெளிநாட்டில் விற்க எடுத்துச் செல்ல எந்த எஜமானனுக்கும் இங்கே உரிமை கிடையாது, ஆகவே இவரை விடுவிக்க வேண்டும்.

மண்டபத்தில் இருந்த கறுப்பின மக்கள் நீதிபதிகளுக்கு வணக்கம் செலுத்தி, ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். சில நாள் கழித்து வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு மதுவிடுதியில் சுமார் 200 பேர் கூடி விருந்து வைத்துக் கொண்டாடினார்கள். நுழைவுச்சீட்டு 5 ஷில்லிங். வரலாற்றுப் புத்தகங்கள் மேன்ஸ்ஃபீல்டையும் ஷார்ப்பையும் கொண்டாடுகின்றன. எனக்கு அந்த விருந்துக்குச் சீட்டு வாங்கியவர்கள்தான் முக்கியம். தப்பி வந்த ஒருவரை மறைத்து வைத்து, வேலை தேடிக் கொடுத்து, செய்தியை வாய்வழியாகப் பரப்பி, ஒவ்வொரு விசாரணைக்கும் மண்டபத்தில் வந்து நின்ற அமைப்பு பலம் அது. தீர்ப்பில் இருந்ததைவிடப் பெரிதாக அதைப் படித்தவர்களும் அவர்களே. 'இங்கிலாந்தில் இனி அடிமை கிடையாது' என்று அவர்கள் சொல்லத் தொடங்க, எஜமானர்களை விட்டு மேலும் பலர் வெளியேறினார்கள்.

நீதிபதி அப்படிச் சொல்லவில்லை. 1785இல் அவரே அதைத் தெளிவாக்கினார். சார்லட் ஹோ என்ற கறுப்பினப் பெண், கேப்டன் ஹோ என்பவனால் அமெரிக்காவில் விலைக்கு வாங்கப்பட்டு இங்கிலாந்து கொண்டுவரப்பட்டவர். அவன் செத்த பிறகு தேம்ஸ் டிட்டன் ஊரில் ஏழைகளுக்கான உதவி கேட்டார். ஓராண்டு கூலிக்கு அமர்த்தப்பட்டு வேலை செய்தவருக்கே ஊர் உதவும் என்பது விதி. அடிமையைக் கூலிக்கு அமர்த்துவது ஏது? ஆகவே உதவி கிடையாது என்றது கிங்ஸ் பெஞ்ச். சாமர்செட் தீர்ப்பு, நாட்டை விட்டுப் பலவந்தமாகக் கடத்தக் கூடாது என்பதைத் தாண்டிப் போகவில்லை என்று மேன்ஸ்ஃபீல்டு அங்கே சொன்னார். ஆயுள் முழுக்க உழைத்த பெண்ணின் உழைப்பு, கூலி கொடுக்கப்படாத காரணத்தாலேயே உழைப்பாகக் கணக்கில் வரவில்லை. சாமர்செட் வழக்கைப் படிக்கும் எவரும் சார்லட் ஹோ வழக்கையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இடையில் 1783இல் 'சாங்' கப்பல் வழக்கு. 1781 இறுதியில் ஜமைக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பலிலிருந்து சுமார் 130 ஆப்பிரிக்கர்களைக் கடலில் வீசிக் கொன்றார்கள். தண்ணீர் போதவில்லை என்று காரணம் சொல்லி, லிவர்பூல் முதலாளிகள் 'இழந்த சரக்குக்கு' தலைக்கு 30 பவுண்டு காப்பீடு கேட்டார்கள். ஜூரி கொடு என்றது. குதிரைகளைக் கடலில் எறிந்தது போலவே ஜூரி இதைப் பார்த்தது என்று மேன்ஸ்ஃபீல்டு குறிப்பிட்டார். மறு விசாரணைக்கு உத்தரவிட்டதும் உண்மைதான். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொலை, அந்த மன்றத்தில் கடைசி வரை ஒரு காப்பீட்டுத் தகராறு மட்டுமே. முன்பு அடிமையாக இருந்த ஓலாடா ஈக்வியானோ ஷார்ப்பிடம் போய்ச் சொன்னார். ஷார்ப் கொலை வழக்குப் போட அலைந்தார். யாரும் கூண்டில் ஏற்றப்படவில்லை.

மேன்ஸ்ஃபீல்டின் வீட்டிலேயே அவருடைய மருமகனுக்கும் ஓர் ஆப்பிரிக்க அடிமைப் பெண்ணுக்கும் பிறந்த டைடோ பெல் வளர்ந்தார். தன் உயிலில் அந்தப் பெண்ணின் சுதந்திரத்தை அவர் தனியாக எழுதி உறுதிப்படுத்தினார். தன் தீர்ப்பு எவ்வளவு தூரம் பாதுகாக்கும் என்பது அதை எழுதியவருக்குத் தெரியாதா?

இந்தக் காலத்தில்தான் கிங்ஸ் பெஞ்ச் இந்தியாவுக்கு வருகிறது. 1774இல் கல்கத்தாவில் உச்ச நீதிமன்றம் அமைத்தபோது, அதன் நீதிபதிகளுக்கு இங்கிலாந்தின் கிங்ஸ் பெஞ்ச் நீதிபதிகளின் அதிகாரம் கொடுக்கப்பட்டது. 1801இல் சென்னைக்கும் அதே போன்ற நீதிமன்றம் வந்தது. ஆக, சாமர்செட்டை விடுவித்த பேராணை சென்னைப் பட்டணத்தில் இருந்தது. அதே ஆண்டுகளில் பக்கத்துச் செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் பறையரும் பள்ளரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். இது கும்பினி அதிகாரிகளின் சொந்த அறிக்கைகளிலேயே இருக்கிறது. 1819இல் வருவாய் வாரியம் கலெக்டர்களிடம் இதைப் பற்றிக் கேட்டு வாங்கிய பதில்கள் உண்டு. வாசலுக்கு வெளியே அடிமைச் சந்தை. உள்ளே ஹேபியஸ் கார்பஸ். இரண்டுக்கும் நடுவே ஓர் எல்லைக் கோடு.

அந்தக் கோட்டை வரைந்தது ஒரு பம்பாய் வழக்கு. 1828இல் புனேயில் உறவினர் பிடியில் இருந்த மோரோ ரகுநாத் என்ற சிறுவனை ஒப்படைக்கும்படி பம்பாய் உச்ச நீதிமன்றம் ஆட்கொணர்வு அனுப்பியது. நிறைவேற்ற முடியாது என்றார் கவர்னர் மால்கம். கோபத்தில் நீதிபதி கிராண்ட் நீதிமன்றத்தையே இழுத்து மூடினார். 1829இல் பிரிவி கவுன்சில் கவர்னர் பக்கம் தீர்ப்பளித்தது: நகர எல்லைக்கு வெளியே வாழும் இந்தியர்மீது இந்தப் பேராணை செல்லாது. சண்டை போட்டது வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும். வாசல் அடைபட்டது நமக்கு.

1833இல் பிரிட்டன் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு, அடிமைகளுக்கு ஒன்றுமில்லை. கும்பினி ஆண்ட இந்தியாவும் இலங்கையும் அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்கப்பட்டன. 1843இல் வந்த ஐந்தாம் சட்டம், அடிமைமீதான உரிமையை எந்த நீதிமன்றமும் அங்கீகரிக்கக் கூடாது என்றது. சாமர்செட் தீர்ப்பின் அதே அச்சு: அரசு தன் கையை எடுத்துக்கொள்கிறது, நிலமோ கூலியோ தராமல். மிராசுதாரர் கையில் இருந்த அடிமைச் சீட்டு கடன் சீட்டாக மாறியது. ஆள் படியாள் ஆனார், பண்ணையாள் ஆனார். சார்லட் ஹோவின் கதை தஞ்சை வயல்களில் நூறாண்டு நடந்தது.

எல்லைக் கோடு மட்டும் அழியவில்லை. ஆட்கொணர்வுக்கு மட்டும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 491ஆம் பிரிவு பின்னாளில் ஒரு சந்து விட்டது. மற்றப் பேராணைகளுக்கு அதுவும் இல்லை. சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில் பர்லாக்கிமிடி ஜமீன் குடியானவர்கள் வாரம் நிர்ணயித்த வருவாய் வாரியத்தின் உத்தரவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றம் வந்தார்கள். வாரியத்தின் அலுவலகம் சென்னையில் இருந்தால் என்ன, நிலம் வெளியே இருக்கிறது. பழைய உச்ச நீதிமன்றத்துக்கு இல்லாத அதிகாரம் உனக்கும் இல்லை என்று 1943இல் பிரிவி கவுன்சில் அவர்களைத் திருப்பி அனுப்பியது. சுதந்திரத்துக்கு நான்கே ஆண்டு முன்பு!

இங்கிலாந்தில் இதற்குள் கிங்ஸ் பெஞ்ச் தனி நீதிமன்றமாக இல்லை. 1873, 1875 ஆண்டுகளின் சட்டங்கள் பழைய நீதிமன்றங்களை ஒன்றாக்கி உயர் நீதிமன்றத்தின் பிரிவுகளாக மாற்றின. 1881இல் காமன் பிளீஸும் எக்ஸ்செக்கரும் குயின்ஸ் பெஞ்ச் பிரிவில் கலந்துவிட்டன. இன்று உயர் நீதிமன்றத்தின் மூன்று பிரிவுகளில் மிகப் பெரியது அது. விபத்து இழப்பீடு, அவதூறு, ஒப்பந்த வழக்குகளோடு, அரசின் முடிவுகளைக் கேள்வி கேட்கும் நிர்வாக நீதிமன்றமும் அதற்குள்தான் இயங்குகிறது. 2022 செப்டம்பர் 8 அன்று எலிசபெத் இறந்ததும் மறுபடி கிங்ஸ் பெஞ்ச். மாண்டமஸ், செர்ஷியோரரி என்ற லத்தீன் பெயர்களை அவர்கள் 2004இல் கைவிட்டு எளிய பெயர் வைத்துக்கொண்டார்கள். நாம் விடவில்லை.

அந்த எல்லைக் கோட்டை அழித்தது 1950. லண்டன் கிரேஸ் இன்னில் பயின்று 1922இல் பாரிஸ்டரான அண்ணல் அம்பேத்கர், இந்தப் பேராணைகளின் பலமும் தெரிந்தவர், பலவீனமும் தெரிந்தவர். 1948 டிசம்பர் 9 அன்று அரசியல் நிர்ணய சபையில், இன்று 32ஆம் உறுப்பாக இருக்கும் பகுதியை அரசமைப்பின் ஆன்மா, இதயம் என்றார். இதைப் போஸ்டரில் எல்லாரும் போடுகிறார்கள். கூடவே அவர் சொன்ன காரணத்தை யாரும் போடுவதில்லை: இந்தப் பேராணைகள் ஏற்கெனவே இருந்தவைதான், ஆனால் சட்டமன்றம் நினைத்தால் பறித்துவிடும் நிலையில் இருந்தன, இனி அப்படிப் பறிக்க முடியாது. 226ஆம் உறுப்பு உயர் நீதிமன்றத்தின் கையை மாகாணத்தின் கடைசிச் சேரி வரை நீட்டியது. பரீதாபாத் கல்குவாரிக் கொத்தடிமைகளைப் பற்றி பந்துவா முக்தி மோர்ச்சா எழுதிய ஒரு கடிதத்தையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது.

ஆயுதம் யார் கைக்கும் போகும் என்பதையும் பார்த்துவிட்டோம். சாதி மறுத்துத் திருமணம் செய்த பெண்ணை மீட்டுத் தா என்று பெற்றோர் போடும் ஆட்கொணர்வு மனுக்கள் நம் உயர் நீதிமன்றத்துக்குப் புதியவை அல்ல. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிக்கப்பட்ட பிறகு, அந்தப் பெண்ணின் தாயார் போட்டதும் இதே மனு. 2013 ஜூலை 4 அன்று அந்த இளைஞர் ரயில் தண்டவாளம் அருகே பிணமாகக் கிடந்தார். சாமர்செட்டின் நண்பர்கள் கேட்டது 'இவரை யார் அடைத்து வைத்திருக்கிறார்கள்' என்று. பெற்றோர் கேட்பது 'எங்கள் பொருள் எங்கே' என்று. பட்டப்படிப்பு முடித்த வயது வந்த பெண்ணை, மனுவில் 'மைனர் போல ஏமாற்றப்பட்டவர்' என்று எழுதுவதும், நீதிமன்றம் அவரைக் காப்பகத்துக்கு அனுப்புவதும் இங்கே நடக்கிறது.

கேரளத்தில் ஓர் இளம் பெண்ணின் தந்தை போட்ட ஆட்கொணர்வு மனுவில், உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் திருமணத்தையே செல்லாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாரா இல்லையா என்பதை மட்டுமே இந்தப் பேராணையில் பார்க்க வேண்டும். வயது வந்தவர் யாரோடு வாழ்வது என்பதை இதில் தீர்மானிக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பின் நகலை ஒவ்வொரு மாவட்டத் தோழரும் கையில் வைத்திருங்கள். இணையரைக் கூட்டிக்கொண்டு நீதிமன்றம் போகும் அன்று தேட நேரம் இருக்காது.